பண்டமும் முத்திரையும்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில், துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே ஏறிப்போகும் குறுகலான மாடிப்படிக்கு மேலே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் பெயர்ப்பலகை புதிதாக மாட்டப்பட்டது. ஃபிளக்ஸில் அச்சடித்த அந்தப் பலகையில் நிலையத்தின் பெயர் சிறிதாகவும், அதைச் சுற்றி நான்கு படங்கள் பெரிதாகவும் இருந்தன. வயிறு பெருத்து உட்கார்ந்திருக்கும் பெங்குவின் ஒன்று; பூகோள உருண்டையை வாலால் அணைத்துக் கிடக்கும் செந்நரி ஒன்று; தூரிகையை ஒரே இழுப்பில் சுழற்றியது போன்ற சிவப்புச் சுழி ஒன்று; நான்கு சதுரங்களால் ஆன நீல ஜன்னல் ஒன்று. தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படியாகத்தான் பலகை அமைந்திருந்தது.

நிலையத்தை நடத்தும் இளைஞர் எனக்குப் பழக்கமானவர். ஒரு நாள் மாலை படியேறிப் போனபோது, யாரோ ஒருவர் வந்து, 'இந்தப் படங்களையெல்லாம் போட உங்களுக்கு அனுமதி உண்டா?' என்று கேட்டுவிட்டுப் போனதாகச் சொல்லி, சற்றுக் கலக்கத்தோடு என்னைப் பார்த்தார். "ஃப்ரீ சாஃப்ட்வேர்னுதானே சார் எல்லாரும் சொல்றாங்க? சாஃப்ட்வேரே ஃப்ரீன்னா, அதோட படம் மட்டும் எப்படி சார் ஃப்ரீ இல்லாம போகும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது; கணினியை அன்றாடம் உபயோகிக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு என்றேனும் எழக்கூடியது. அதற்குரிய விடையோ, சட்டத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வெவ்வேறு வீடுகளுக்குள் நம்மை அழைத்துப் போகிறது. பண்டத்துக்கு ஒரு சட்டம்; பண்டத்தின்மேல் குத்திய முத்திரைக்கு வேறொரு சட்டம். பண்டத்தை இரு கையாலும் வாரி வழங்குகிறவர்களே முத்திரையை மட்டும் மடியில் இறுக முடிந்து வைத்திருப்பதுண்டு. அப்படி வைத்திருப்பது கருமித்தனம் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். விவரம் தெரிந்தபின் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நாம் வாங்குவது எது?

ஒரு புத்தகத்தை விலை கொடுத்து வாங்கினால் அந்தப் புத்தகம் நம்முடையது. படித்து முடித்தபின் நண்பருக்குக் கொடுக்கலாம். பழைய கடையில் எடைக்குப் போடலாம். பரணில் ஏற்றி மறந்தும் போகலாம். அதிலுள்ளதை மறுபடி அச்சிட்டு விற்கும் உரிமை மட்டும் நம்மிடம் வருவதில்லை. மென்பொருள் விஷயத்தில் இந்த வரம்பு இன்னும் ஒரு படி உள்ளே வந்துவிடுகிறது. நாம் பெட்டியாக வாங்கினாலும், இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டாலும், பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த நிரலை உபயோகித்துக்கொள்ளலாம் என்ற சம்மதம் மாத்திரமே. அந்தச் சம்மதத்துக்குத்தான் உரிமம், அதாவது லைசென்ஸ், என்று பெயர். நிறுவும் வேளையில் திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் பொடியெழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறதே ஒரு பத்திரம், அதன் அடியில் இருக்கும் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை ஒரு வரியும் படிக்காமல் அழுத்திவிட்டு நாம் அடுத்த திரைக்கு ஓடுகிறோமே, அந்தப் பத்திரமே இது.

நம் நாட்டில் இதற்கு ஆதாரமாக நிற்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கணினி நிரலை அந்தச் சட்டம் 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் சேர்த்திருக்கிறது என்பதைக் கேட்டால் தமிழ்ப் புலவர்கள் புன்னகை செய்யக்கூடும். சம்பளப் பட்டியல் போடும் நிரலும் ஒரு சரித்திர நாவலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே இனம். ஆகவே, ஒரு நாவலைப் பிரதியெடுத்து விற்பவர்மீது என்ன குற்றம் சாருமோ அதே குற்றம் நிரலைப் பிரதியெடுப்பவர்மீதும் சாரும். அதோடு நில்லாமல், நிரலுக்கென்றே 63-பி என்ற தனிப் பிரிவும் அமைந்திருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் உபயோகிப்பவருக்கு ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. லாபமோ வியாபாரமோ கருதாமல் உபயோகித்திருந்தால், சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட்டுவிட நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. முறையாகப் பெற்ற நிரல் அழிந்துபோனாலோ பழுதுபட்டாலோ உதவும்பொருட்டு, அதைப் பெற்றவர் ஒரு காப்புப் பிரதி எடுத்துவைத்துக்கொள்வதையும் அதே சட்டம் 52-ஆம் பிரிவில் அனுமதிக்கிறது.

சாதாரண மனிதர் இந்தச் சட்டத்தோடு மோதிக்கொள்ளும் இடம் கணினிக் கடைதான். "விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் போட்டே தர்றேன் சார், அதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்று கடைக்காரர் தாராளமாகச் சொல்லும்போது, அவர் தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை நமக்குத் தானம் செய்கிறார் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. மடிக்கணினியோடு தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வரும் விண்டோஸ் முறையான உரிமம் உடையது. ஆனால் அது பெரும்பாலும் அந்த ஒரே இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டது. இயந்திரம் பழைய இரும்புக்குப் போகும் நாளில் உரிமமும் அதோடு போய்விடும். தனியாக விலைக்கு வாங்கும் உரிமத்தையோ பழைய இயந்திரத்திலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் விலை வேறுபடுவதன் காரணம் இதுவே.

நம் இளைஞரின் நிலையத்தில் பன்னிரண்டு கணினிகள் இருந்தன. எட்டு, உரிமத்தோடு வந்தவை. மற்ற நான்கும் உதிரிபாகங்களை வாங்கிச் சேர்த்துக் கட்டியவை. அவற்றில் விண்டோஸ் எப்படி வந்தது என்று கேட்டபோது அவர் சிரித்துச் சமாளித்தார்.

இலவசமும் சுதந்திரமும்

'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் இரண்டு பொருளுக்கு வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. நம்மிடம் இலவசம், சுதந்திரம் என்று இரண்டு சொற்கள் தனித்தனியே இருந்தும், அந்தக் குழப்பத்தை நாம் கடன் வாங்கியிருக்கிறோம். விலையில்லாமல் கிடைப்பவை எல்லாம் ஒரே ஜாதி அல்ல. பி.டி.எஃப். கோப்புகளைப் படிப்பதற்காக நாம் இறக்கிக்கொள்ளும் அடோபி ரீடருக்கு விலை இல்லை. அதற்காக அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவோ, திருத்தவோ நமக்கு உரிமை கிடையாது. வின்ரார் போன்றவை சில நாள் உபயோகித்துப் பார்க்கக் கொடுக்கப்படுபவை; நாற்பது நாள் தவணை கடந்தபின்னும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்றாலும், திறக்கும்போதெல்லாம் பணம் கட்டச் சொல்லி நினைவூட்டும். இவையிரண்டும் இலவசத்தின் வகைகள். சுதந்திரம் என்பது வேறு.

அந்தச் சுதந்திரத்தின் வரலாறு ஓர் அச்சுப்பொறியிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த ஜெராக்ஸ் அச்சுப்பொறியில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்வதைக் கண்டு, சிக்கியதும் உரியவர்களுக்குச் செய்தி போகும்படி நிரலைத் திருத்தியமைக்க விரும்பினார். முந்தைய அச்சுப்பொறிக்கு அப்படித்தான் செய்திருந்தார். ஆனால் புதிய பொறியின் மூல நிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவிலுள்ள நிரல், அவருக்கு மறுக்கப்பட்டது. இத்தகைய மறுப்புகளால் மனம் கசந்த அவர் 1983-இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்து, 1989-இல் ஜி.பி.எல். என்ற உரிமத்தை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1991-இலும், மூன்றாம் பதிப்பு 2007-இலும் வந்தன. எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் திருத்தாததையும் பிறருக்குப் பகிரலாம், விலைக்கு விற்கக்கூடச் செய்யலாம். நிபந்தனை ஒன்றே: பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும், தான் பெற்ற அதே சுதந்திரங்களையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். தன் வீட்டில் வெறுமனே உபயோகிப்பவருக்கு அந்த நிபந்தனையும் கிடையாது.

தமிழருக்கு இது முற்றிலும் புதுமையான கருத்து அன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு தன்வசமாக்கி, பிறகு அதைப் பொதுமக்களுக்கே உடைமையாக்கிற்று. அதன் பலனாக, மலிவுப் பதிப்பு முதல் பட்டுத்துணிக் கட்டடம் வரை பாரதியை யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். நாளைக்கு நான் பாரதி பாடல்களை அச்சிட்டு, அட்டையில் வேறொரு பிரசித்திபெற்ற பதிப்பகத்தின் பெயரையும் அதன் சின்னத்தையும் போட்டு விற்றால் என்ன ஆகும்? பாடல் பொதுச்சொத்துதான், ஆயினும் நான் செய்தது மோசடியே. பிழை மலிந்த என் பதிப்பை வாங்கியவர், அந்தப் பதிப்பகத்தை அல்லவா ஏசுவார்? இந்த இடத்தில்தான் நாம் முதல் வீட்டை விட்டு இரண்டாவது வீட்டுக்குள் நுழைகிறோம்.

பெயரைக் காப்பது ஏன்?

வணிகச் சின்னங்களைக் காக்கும் இப்போதைய இந்தியச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருப்பது. பதிப்புரிமை படைப்பாளியின் உழைப்பைக் காக்கிறதென்றால், இது வாங்குகிறவரின் நம்பிக்கையைக் காக்கிறது. இன்ன முத்திரை இருந்தால் இன்னார் செய்தது என்று ஜனங்கள் நம்புகிறார்களே, அந்த நம்பிக்கையை இன்னொருவர் களவாடாமல் பார்த்துக்கொள்வதே இதன் உத்தேசம். பதிப்புரிமைக்கு என்றேனும் ஒரு முடிவு உண்டு. நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் நூல் பொதுவுடைமை. வணிகச் சின்னமோ பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போனால் சிரஞ்சீவியாக இருக்கும். பெயரின் ஓரத்தில் காணும் 'டி.எம்.' என்ற எழுத்துகள், இது எங்கள் சின்னம் என்று ஒருவர் தாமே கொண்டாடுவதைக் குறிக்கும். வட்டத்துக்குள் அமைந்த 'ஆர்' எழுத்தோ, முறைப்படி பதிவு செய்யப்பட்ட சின்னத்துக்கு மட்டுமே உரியது. சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகம், நாட்டில் இதற்கென அமைந்த ஐந்து அலுவலகங்களுள் ஒன்று.

இந்தச் சின்னங்களுக்கு ஒரு விசித்திரமான பலவீனமும் உண்டு. உரியவர் கவனியாமல் விட்டு, எல்லோரும் அந்தப் பெயரைப் பொதுச்சொல்லாக வழங்கத் தொடங்கிவிட்டால், சின்னம் கையை விட்டே போய்விடக்கூடும். எஸ்கலேட்டர் என்பது அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் தனிச் சின்னமாக இருந்து, 1950-இல் அப்படித்தான் பொதுச்சொல்லாகிப் போயிற்று. நம் தெருக்களில் எந்தக் கம்பெனியின் இயந்திரம் இருந்தாலும் கடையின் பலகையில் 'ஜெராக்ஸ்' என்றே எழுதியிருக்கிறது. 'ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா' என்று பிள்ளைகளை அனுப்புகிறோம். அந்த நிறுவனமோ தன் பெயரை வினைச்சொல்லாக்க வேண்டாமென்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்தே மன்றாடியிருக்கிறது. பெயரைக் காப்பதில் நிறுவனங்கள் காட்டும் கண்டிப்பு நமக்கு அற்பத்தனமாகத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பயமே.

நெருப்பு பனியான கதை

பண்டமும் முத்திரையும் பிரிந்து நிற்பதைக் கண்ணாரக் காட்டும் ஒரு வரலாறு உண்டென்றால், அது நம் பலகையில் இருந்த செந்நரியின் வரலாறு. 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து கிளைத்த மொஸில்லா திட்டத்தில், 2002-இல் சிறிய, விரைவான புது உலாவி ஒன்று ஃபீனிக்ஸ் என்ற பெயரோடு பிறந்தது. அதே பெயரில் வேறொரு கணினி நிறுவனம் இருந்தபடியால் அந்தப் பெயரைக் கைவிட நேர்ந்தது. 2003-இல் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே தரவுத்தள மென்பொருள் ஒன்று இருந்ததால் அங்கிருந்தும் ஆட்சேபம் கிளம்பியது. கடைசியாக 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் நிலைத்து, அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி முதற்பதிப்பு வெளியாயிற்று. அந்தச் சொல் இமயமலைச் சாரலில் வாழும் சிவப்புப் பாண்டாவுக்கும் ஒரு பெயர். ஆனால் சின்னத்தை வரைந்தவர்கள் நரியையே வரைந்தார்கள். இரண்டு முறை பெயரைப் பறிகொடுத்தவர்கள் மூன்றாவது பெயரைக் கண்போல் காத்ததில் வியப்பில்லை.

ஃபயர்ஃபாக்ஸின் நிரலை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், வழங்கலாம். அப்படி எடுத்து வழங்கியவர்களுள் டெபியன் என்ற தொண்டர் கூட்டமும் ஒன்று. 1993-இல் இயன் மர்டாக் என்ற மாணவர் தம் பெயரையும் தம் காதலி டெப்ராவின் பெயரையும் இணைத்துத் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம் அது. அதில் சேர்க்கும் ஒவ்வொன்றும், எவரும் திருத்திக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் 1997-இல் எழுதிவைத்துக்கொண்ட விரதம். நரிச் சின்னத்தின் பதிப்புரிமை நிபந்தனைகள் அந்த விரதத்துக்கு ஒத்துவராதபடியால், நிரலையும் பெயரையும் வைத்துக்கொண்டு சின்னத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள். 2006-இல் மொஸில்லா தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. பெயரை உபயோகித்தால் சின்னத்தையும் சேர்த்தே உபயோகிக்க வேண்டும். அந்தப் பெயரில் வழங்கும் நிரலில் செய்கிற திருத்தங்களுக்கு முன்கூட்டியே எங்கள் சம்மதம் வேண்டும் என்றார்கள்.

இரு தரப்பையும் நிதானமாகக் கேட்டால் இரண்டிலும் நியாயம் இருப்பது புலப்படும். யாரோ ஓரிடத்தில் திருத்திய உலாவி பழுதாகி நின்றால், ஜனங்கள் பழிப்பது ஃபயர்ஃபாக்ஸைத்தானே என்பது மொஸில்லாவின் கவலை. ஒரு பதிப்பை வெளியிட்டபின் ஆண்டுக்கணக்கில் அதன் பாதுகாப்புக் குறைகளை அடைத்துக்கொண்டே வரவேண்டிய நாங்கள், ஒவ்வொரு தையலுக்கும் ஒருவர் வாசலில் போய் நிற்க முடியுமா என்பது டெபியனின் கேள்வி. வழக்கு மன்றம் போகாமல் விவகாரம் ஒரு வேடிக்கையான வழியில் தீர்ந்தது. 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியனின் 4.0 பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் இல்லை, ஐஸ்வீஸல் இருந்தது. நெருப்புக்குப் பதில் பனி, நரிக்குப் பதில் கீரியை ஒத்த வீஸல் என்ற சிறு விலங்கு. தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளும் அப்படியே ஐஸ்டவ் ஆகி, இடிப்பறவை பனிப்புறாவாயிற்று. உள்ளே ஓடியது ஏறக்குறைய அதே நிரல். மேலே ஒட்டிய பெயர் மட்டும் வேறு. ஒன்பது ஆண்டுக்கு மேல் இப்படி நடந்தது. சின்னத்தின் பதிப்புரிமை நிபந்தனை தளர்ந்து, டெபியனின் திருத்தங்கள் தங்கள் உலாவியின் தரத்தைக் கெடுக்கவில்லை என்று மொஸில்லாவும் ஒப்புக்கொண்டபின், 2016-இல் நரி மறுபடி வீடு திரும்பிற்று.

அந்த ஒன்பது ஆண்டுகளில் யாரும் உரிமத்தை மீறவில்லை. நிரல் ஒரு நாளும் தடைபடாமல் டெபியனுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டது பெயர் ஒன்றுதான்.

அலுவலகங்களில் இன்று பரவலாக உபயோகிக்கும் லிப்ரே ஆபீஸின் பிறப்பும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஓபன் ஆபீஸை உருவாக்கி வந்தவர்களில் பலர் 2010-இல் பிரிந்து தனி அறக்கட்டளை அமைத்தபோது, நிரலை எடுத்துக்கொண்டு போக அவர்களுக்குத் தடை இல்லை. பெயர் மட்டும் ஆரக்கிள் நிறுவனத்திடம் இருந்தது. அதைத் தந்துவிடும்படி கேட்டார்கள்; கிடைக்கவில்லை. தற்காலிகமாக வைத்த லிப்ரே ஆபீஸ் என்ற பெயரே நிரந்தரமாகிவிட்டது. அச்சகங்களிலும் டி.டி.பி. நிலையங்களிலும் இருப்பவர்கள் எழுத்துருக்களில் இதன் சிறிய வடிவத்தைக் காணலாம். திறந்த எழுத்துரு உரிமம் என்ற ஓ.எஃப்.எல். விதியின்கீழ் வரும் தமிழ் எழுத்துருக்களை எந்த நூலிலும் எந்தச் சுவரொட்டியிலும் தாராளமாக உபயோகிக்கலாம், திருத்தவும் செய்யலாம். ஆனால் எழுத்துருவை மாத்திரம் தனியாக விற்கக் கூடாது. அதை வடித்தவர் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால், திருத்திய எழுத்துருவுக்கு வேறு பெயர்தான் இட வேண்டும்.

பெங்குவினும் சுழியும்

எல்லாச் சின்னங்களும் நரியைப் போலக் கண்டிப்பானவை என்று எண்ணிவிட வேண்டாம். லினக்ஸின் அடையாளமான பெங்குவினை 1996-இல் லாரி ஈவிங் என்பவர் கிம்ப் என்ற ஓவிய மென்பொருளைக் கொண்டு வரைந்தார். யாரேனும் கேட்டால் தம் பெயரையும் கிம்ப்பின் பெயரையும் சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு, படத்தை உபயோகிக்கவும் மாற்றவும் உலகுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். டெபியன் இன்னும் நுட்பமாக யோசித்து இரண்டு சின்னங்களை வைத்துக்கொண்டது. வெறும் சுழி ஒன்று, எவரும் டெபியனைச் சுட்டுவதற்குத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். குப்பியிலிருந்து பூதம் கிளம்புவதுபோல் சுழி எழும் மற்றொன்று, டெபியன் வகுத்த முறைப்படி அமைந்த பண்டங்களுக்கும் அதன் ஒப்புதல் பெற்றவற்றுக்கும் மட்டுமே உரியது.

பெங்குவின் சாதுவானது என்பதற்காக 'லினக்ஸ்' என்ற பெயரும் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று கொள்ளக் கூடாது. லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் உருவாக்கி உலகுக்கு வழங்கிய அந்த நிரலின் பெயரை, அதனோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் அமெரிக்காவில் தம் பெயரில் பதிவு செய்துகொண்டு, லினக்ஸை வைத்துத் தொழில் நடத்தியவர்களிடம் பங்கு கேட்கத் தொடங்கினார். தொழில் நடத்துவோர் ஒன்றுகூடி வழக்காடியதன் பயனாக 1997-இல் அந்தச் சின்னம் டார்வால்ட்ஸ் வசமாயிற்று. வாரி வழங்கியவரே தம் பெயருக்கு வேலி போட நேர்ந்த கதை இது. வேலி இல்லாத பெயரில் முதலில் நுழைகிறவர் நல்லவராகவே இருப்பார் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார், டெபியனை அடித்தளமாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கு ஏற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கியபோது, அதற்கு பாஸ் என்று தனிப் பெயரும் தனிச் சின்னமும் வைத்ததும் இந்த மரபை ஒட்டித்தான். அடித்தளம் யாருடையது என்பதை மறைக்கவில்லை; பிறர் பெயரைச் சூடிக்கொள்ளவும் இல்லை.

சாதாரண மனிதருக்கு

இவ்வளவையும் சொல்லி முடித்தபின், நம் இளைஞர் தமக்கு வேண்டியதைச் சுருக்கமாகக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே வாசகருக்கும் சொல்லுகிறேன்.

ஒரு மென்பொருளின் பெயரை, உண்மையைச் சொல்லும்பொருட்டு வெறும் எழுத்தில் எழுதுவதற்குப் பொதுவாக யாருடைய அனுமதியும் தேவையில்லை. 'இங்கே விண்டோஸ், ஃபயர்ஃபாக்ஸ் கற்றுத்தரப்படும்' என்று எழுதலாம். கற்றுத்தருவது மெய்யாக இருந்தால் போதும். ஆனால் அந்தப் பெயரை நம் கடையின் பெயரோடு கோத்துக்கொள்வதும், அதன் சின்னத்தை நம் பெயரைவிடப் பெரிதாகப் போடுவதும், பார்க்கிறவர் இதை அந்த நிறுவனத்தின் கிளை என்றோ அங்கீகாரம் பெற்ற இடம் என்றோ மயங்கும்படி அமைப்பதும் ஆகாது. சின்னத்தின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றுவதும், அதைச் சட்டையிலோ கோப்பையிலோ அச்சிட்டு விற்பதும் அனுமதி பெற்றே செய்ய வேண்டியவை. ஒவ்வொரு நிறுவனமும் தன் சின்னத்துக்கான விதிகளைத் தானே வெளியிட்டு வைத்திருக்கிறது. உரிமப் பத்திரத்தைப்போல அவை அவ்வளவு நீளமும் இல்லை. மொஸில்லாவின் விதியில் ஒரு சுவையான அம்சம் உண்டு. ஃபயர்ஃபாக்ஸை ஓர் எழுத்தும் மாற்றாமல், காசு வாங்காமல் பிறருக்குப் பிரதியெடுத்துக் கொடுக்கலாம். காசு வாங்கினால் அந்தப் பெயரில் கொடுக்கக் கூடாது. நிரலின் உரிமம் விற்பனையை அனுமதிக்கிறது. பெயரின் விதி தடுக்கிறது. இந்த ஒரு முரணைப் புரிந்துகொண்டவருக்கு, இந்தக் கட்டுரை முழுவதும் புரிந்த மாதிரிதான்.

அடுத்த மாதம் பலகை மாறிற்று. நிலையத்தின் பெயர் பெரிதாகவும், அதன்கீழ் கற்றுத்தரும் மென்பொருள்களின் பெயர்கள் வெறும் எழுத்திலும் வந்தன. ஜன்னலும் நரியும் போயின. சுழி சிறிதாகி, டெபியன் என்ற பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பெங்குவின் மட்டும் ஒரு மூலையில் தங்கியிருக்க, அதன் காலடியில் 'படம்: லாரி ஈவிங், கிம்ப்' என்று பொடியெழுத்தில் ஒரு வரி. கணக்கில் வராத விண்டோஸ் இருந்த நான்கு கணினிகளிலும் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டெபியனை நிறுவிவிட்டார். மொத்தத்தில் அவருக்கு ஆன செலவு ஃபிளக்ஸ் அச்சுக்கூலி மட்டும். உரிமத்துக்கென்று யாருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.